கட்டியம்

"கல்லூரிக் கல்வி இணை இயக்குநர், மாண்பமை, முனைவர்" என்று ஒவ்வொன்றாக இறக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, அதற்கப்புறம்தான் பெயரைச் சொன்னேன். பெயரை எடுத்தவுடன் சொல்லிவிடக் கூடாது. பட்டங்களை முன்னால் அனுப்பி வழியை விலக்கி, கூட்டம் யார் யார் என்று கழுத்தை நீட்டும்போது பெயரை விட வேண்டும், கைதட்டல் தானாக வரும். வந்தது. இணை இயக்குநர் எழுந்து, வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு, ரெண்டே ரெண்டு வார்த்தை பேசி அமர்கிறேன் என்று தொடங்கினார். ரெண்டு வார்த்தைக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. நான் என் நாற்காலிக்கு வந்துவிட்டேன். மேடையில் மற்ற நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி உறை போட்டுப் பின்னால் ஊதா நாடா கட்டியிருக்கிறார்கள். எனக்குப் படிக்கட்டை ஒட்டி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, உறை கிடையாது. தொகுத்து வழங்குகிறவள் உட்கார மாட்டாள் என்று இந்தக் கல்லூரியில் ஒரு நம்பிக்கை, இருபது வருஷத்துக்கு மேலாக. மடியில் வயரில்லாத மைக். அதை அணைத்துவிட்டேனா என்று தொட்டுப் பார்த்தேன், அணைத்திருந்தேன், மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். ஒரு தடவை அணைக்காமல் வைத்து, நான் விட்ட பெருமூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டு, பிள்ளைகள் ஒரு வாரம் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இன்றைக்கு விடக் கூடாது. இன்றைக்கு எதுவுமே வெளியே கேட்கக் கூடாது.

பட்டம் என் பிழைப்பு. இடைக்கால ஐரோப்பா, இரண்டாம் ஆண்டு வரலாறு. ஏழு வயதில் பையனைப் பிரபு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே அவன் ஏவலன், கை கழுவத் தண்ணீர் ஊற்றுவான். பதினான்கில் கேடயம் தூக்கி. பிரபுவுக்குக் கவசம் மாட்டுவது, குதிரையைத் துடைப்பது, ஈட்டியை எடுத்து நீட்டுவது. இருபத்தொன்றில் குளித்து, வெள்ளை உடுத்து, இரவு முழுவதும் தேவாலயத்தில் தனியாக விழித்திருந்து, காலையில் மண்டியிட்டால் தோளில் வாளைத் தொட்டு வைத்து எழுந்திரு என்பார்கள். எழுந்தால் அவன் சர். அதற்கு மேலே கொடிப்பிரபு, சொந்தக் கொடியின் கீழ் ஆள் திரட்டிக்கொண்டு போகிறவன். போர்க்களத்திலேயே அரசன் ஒருவனுடைய கொடியை வாங்கி, அதன் பிளந்த வாலை வெட்டிச் சதுரமாக்கித் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது, அவன் கொடிப்பிரபு. ஒரு வெட்டு, அவ்வளவுதான். நம்மூரில் மட்டும் என்ன, படைத்தலைவனுக்கு ஏனாதி என்று பட்டம் கொடுத்து மோதிரம் போட்டார்கள், வணிகனுக்கு எட்டி என்று பட்டம், கூடவே பொன்னில் பூ, இப்போது பொன்னாடை, ஜரிகை கூட இல்லாத பொன்னாடை, என்று சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எல்லாக் கேடயம் தூக்கியும் வீரனாகிவிடவில்லை. விழாவுக்குச் செலவு செய்ய முடியாமல், கூப்பிட ஆளில்லாமல், ஏராளமான பேர் நரை விழுந்தும் கேடயம் தூக்கிகளாகவே இருந்து செத்துப்போனார்கள். வேலை எல்லாம் வீரன் வேலை. சண்டையில் வீரன் பக்கத்தில்தான் நின்றார்கள், அதே அம்பு இவர்கள் மேலும் விழுந்தது. பட்டம் மட்டும் வேறு. எனக்கு அரசாங்கம் கொடுத்த பட்டம் கௌரவ விரிவுரையாளர். அதை எவன் கண்டுபிடித்தானோ அவனுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். வருஷா வருஷம் ஜூன் மாதம் கூப்பிட்டால் வரலாம், கூப்பிடாவிட்டால் கௌரவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஜூனில் கூப்பிட மாட்டார்கள். திங்கட்கிழமை பிரின்சிபால் அறைக்கு அழைத்துச் சொன்னார். செங்கோட்டுவேலு நல்ல மனிதர், திருச்செங்கோட்டுப் பக்கம், இங்கே வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "வயசு வரம்பு தாண்டிருச்சுங்க மேடம், நம்ம கையில இல்லீங்க" என்றார். நான் சரிங்க சார் என்றேன். எழுந்திருக்கப் போனேன். "வெள்ளிக்கெழம ஆவுடையப்பன் சார் பணி நிறைவு விழாங்க. நீங்கதானுங்க தொகுத்து வழங்கணும், உங்க குரல் மாதிரி வராதுங்க" என்றார், அதே மூச்சில், அதே சிரிப்போடு. இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். மாடிப்படியில் இறங்கும்போதுதான் புரிந்தது, கல்வியாண்டு முடிவதே வெள்ளிக்கிழமைதான், எனக்கும் அதுதான் கடைசி நாள் என்று. அதே வெள்ளிக்கிழமை, அதே வரலாற்றுத் துறை. அவருக்கு விழா, நான் விழாவைச் சொல்கிறவள். கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் குரல்தான் இன்னும் கணீரென்று ஆகும், அதனால் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். நீ ரொம்ப நல்லா பேசுனா எனக்கு பயமா இருக்குட்டி என்பாள். இருந்தவரைக்கும் என் கூட்டம் அவள்தான். ஒவ்வொரு விழாவுக்கு முந்தின நாளும் அடுக்களையில் நின்று சொல்லிக் காட்டுவேன், அவள் அரிசி களைந்த கையோடு தட்டுவாள், தண்ணீர் தெறிக்கும். அவள் போனதற்கப்புறமும் பழக்கம் போகவில்லை. அடுத்த நிகழ்வாக, தோசை. அதைத் தொடர்ந்து, தக்காளிச் சட்னி. சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பேன். பிரிட்ஜ் உறுமும். நிற்கக் கூடாது, நின்றால் அந்த உறுமல் ரொம்ப நேரம் கேட்கும், அதனால் உடனே அடுத்த நிகழ்வுக்குப் போய்விடுவேன்.

இணை இயக்குநர் தன் கல்லூரி நாட்களுக்கு வந்துவிட்டார், இனி அங்கிருந்து இப்போதைக்கு வரமாட்டார். பின்வரிசையில் போன் வெளிச்சங்கள். மல்லிகை வாசம், சமோசா வாசம், வெளியே பந்தியில் சாம்பார் கொதிக்கிற வாசம். கட்டியக்காரர்களைப் பற்றிப் பாடத்திட்டத்தில் நான்கே வரி. வாள்விளையாட்டுகளில் களத்துக்குள் வருகிற வீரன் யார், எந்த ஊர், யார் மகன், கேடயத்தில் சிங்கமா கழுகா என்று உரக்கச் சொல்கிறவன். தொடக்கத்தில் அவர்கள் ஊர் ஊராகத் திரிகிற பாட்டுக்காரர்களோடு ஒன்றாகத்தான் எண்ணப்பட்டார்கள், பிரபுக்கள் உடுத்திக் கழித்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு. ஊரில் இருக்கிற எல்லார் பட்டமும் அவன் நாக்கில் இருக்கும். முகம் முழுக்க இரும்பால் மூடியிருக்கும்போது நீ யார் என்று உலகத்துக்குச் சொல்ல அவன் ஒருத்தன்தான். அவனை யார் சொல்வது? பிற்காலத்தில் அவர்களுக்கும் பதவி வந்தது, பெரிய பெரிய பட்டம் எல்லாம் வந்தது, அது வேறு கதை. எனக்கு அந்த முதல் ஆளைத்தான் தெரியும், கழித்த சட்டைக்காரனை. பட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, தானே போட்டுக்கொள்ள முடியாது. மேலே ஒருத்தர் வேண்டும். ஸ்பெயின் பக்கம் காஸ்டில் நாட்டில் ஒரு அரசனுக்கு இந்தத் தொந்தரவு வந்தது. தனக்கு மேலே யாரும் இல்லை, யார் வாளைத் தோளில் வைப்பது? மரத்தில் ஒரு புனிதர் சிலை, கை அசைகிற மாதிரி செய்து, அதன் கையில் வாளைக் கொடுத்து, அதன் முன்னால் போய் மண்டியிட்டானாம். அதைப் படித்த அன்று நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்குப் போய் அந்த மரக்கை இறங்கி வருவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கீல் கிறீச்சிட்டிருக்கும். அவனுக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும்? அரசனுக்கு யாரும் மேலே இல்லை. எனக்கு மேலே எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் கை மட்டும் ஒன்றும் இறங்கி வரவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை என்னிடமே ஒளிக்க என்ன இருக்கிறது. ஒரே ஒரு தடவை, இந்த மேடையில், இன்னொருத்தர் வாயால் என் பெயர். முழுப் பெயர், முன்னால் முனைவர். சால்வை வேண்டாம், மாலை வேண்டாம், வாழைப்பழம் போட்ட தாம்பாளம் வேண்டாம். ஆவுடையப்பன் சொல்வார். சொல்லாமல் எப்படி இருப்பார். எம்.ஏ. ஒன்றாகப் படித்தோம், ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தோம், அவருடைய ஆய்வேட்டில் பாதிப் பிழைதிருத்தம் என் பென்சில். அந்த வருஷம் அவருக்கு அரசாங்க வேலை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை, அதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் இல்லை என்று இத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான். அவர் துறைத்தலைவர் ஆனார். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று தலையை நீட்டுவார், "வடிவு, செகண்ட் இயர் கிளாஸ கொஞ்சம் பாத்துக்கிடுதியா?" பார்த்துக்கொண்டேன். வினாத்தாள், மாணவர் மன்றப் பதவியேற்பு, கல்விச் சுற்றுலா, எல்லாம் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அவரிடம் சொன்னேன், எனக்கும் வெள்ளியோடு சரி என்று. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "என்ன சொல்லுத? ஒனக்குமா? சே." பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "பாப்போம் வடிவு, விழாவுல நான் பேசுவேம்லா" என்றார். அதற்குள் சமையல்காரரிடமிருந்து போன் வந்து, அவியலா கூட்டா என்று பேச்சு போய்விட்டது. ஆனால் சொன்னார். விழாவில் நான் பேசுவேன் அல்லவா என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி தூங்கியிருக்கிறேன். என்ன சொல்வார் என்று நானே எழுதியும் பார்த்துவிட்டேன், அவர் குரலில். எனக்குக் குரல் போடத் தெரியும்.

வருகிற திங்கட்கிழமை என்ன செய்வேன்? அதை நினைக்காதே. பல் தேய்ப்பேன், காபி போடுவேன், சேலை கட்டுவேனா? எதற்குக் கட்ட வேண்டும். வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்கப் போகும், பால்காரர் பாக்கெட்டைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார், பேச வேண்டிய அவசியம் இருக்காது. தொண்டை துருப்பிடிக்கும். தம்பி மும்பையில், தீபாவளிக்குப் பேசுவான். எனக்கு ஏதாவது ஆனால் கேதம் சொல்ல யார் போவார்கள், யாருக்குப் போவார்கள்? ஊரில் உள்ளவர்கள் பெயருக்கெல்லாம் முன்னால் அடைமொழி போட்டுச் சொன்னவளுக்கு, இன்னார் செத்துப்போனார் என்று நாலு பேரிடம் சொல்ல ஒரு வாய் இல்லை. பயமாக இருக்கிறது. பயம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல. கைதட்டல். இணை இயக்குநர் முடித்துவிட்டார், நான் எழுந்து நிற்கிறேன், என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. "இணை இயக்குநர் அவர்களின் செறிவான உரைக்கு நன்றி. அடுத்ததாக, ஏற்புரை. முப்பதாண்டு காலம் வரலாற்றுத் துறையை வரலாறாக்கிய பேராசிரியப் பெருந்தகை, பண்பாளர், முனைவர்," மூச்சு, "ஆவுடையப்பன் அவர்கள்." அரங்கம் அதிர்ந்தது. நன்றாகத்தான் சொன்னேன்.

அவர் கழுத்தில் மூன்று மாலை, தோளில் நாலைந்து சால்வை, வியர்வை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. பிரின்சிபாலுக்கு நன்றி சொன்னார். இணை இயக்குநருக்கு. மனைவி பார்வதிக்கு, "அவ இல்லன்னா நான் இல்ல, பாத்துக்கிடுங்க", பார்வதி முதல் வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். இரண்டு மகன்களுக்கு. வணிகவியல் ஞானதுரைக்கு, அவர் போன வருஷம்தான் மாற்றலாகி வந்தார், அவருக்கு. சரி, மேடையில் இருக்கிறவர்களை முடித்துவிட்டு வருவார். அலுவலகத்துக்கு. நூலகத்துக்கு. வாட்ச்மேன் இசக்கிக்கு, மழையில் ஸ்கூட்டருக்குச் சாக்கு போட்டு மூடியதற்கு. கேண்டீனுக்கு. மணி அடிக்கிறவருக்கு. ஸ்கூட்டர் நிறுத்துகிற வேப்பமரத்துக்கு நன்றி சொன்னார், அரங்கம் உருகியது. நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். மரத்துக்கு அப்புறம் நான்தான், மரத்துக்கு அப்புறம் வேறு என்ன இருக்கிறது. "கடைசியா ஒருத்தர சொல்லணும்" என்றார். என் பக்கம் திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார். கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, சிரிக்கவா, தலையைக் குனியவா. "இந்தா, வடிவு மேடம் பாக்காவ பாருங்க, நேரம் ஆயிட்டுன்னு. அவுங்க பாத்தா நான் நிறுத்திருவேன். எங்க அம்மாவப் பத்தி மட்டும் சொல்லி முடிச்சிடுதேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார், நன்றாகச் சொன்னார், பலர் அழுதார்கள். என்னை வேண்டுமென்றே விடவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான், வலது கையை யாராவது நினைத்துப் பார்த்து நன்றி சொல்வார்களா. இப்படி ஒரு சமாதானத்தை நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டேன். மூன்று ராத்திரி. மடத்தனம்.

அடுத்தது நன்றியுரை, அதை ஞானதுரை சொல்ல வேண்டும், அதற்கப்புறம் நாட்டுப்பண், அதற்கப்புறம் இலை. மைக்கைத் தட்டினேன். நன்றியுரை என்றுதான் சொல்லப் போனேன். "நன்றியுரைக்கு முன்பாக" என்று வந்தது. என் குரல்தான், கணீரென்று, அம்மா பயப்படுகிற குரல். "இன்றோடு பணி நிறைவு பெறும் மற்றொருவரையும் இம்மேடை சிறப்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. வரலாற்றுத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ எல்லாத் தாள்களையும் நடத்தியவர், ஐரோப்பிய இடைக்காலப் பட்டங்களைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர், கௌரவ விரிவுரையாளர், முனைவர்," மூச்சு, முழு மூச்சு, யாருக்கும் இவ்வளவு நீளமாகக் கொடுத்ததில்லை, "மாடசாமி சங்கரவடிவம்மாள் அவர்கள்." கைதட்டினார்கள். பட்டத்துக்கு அப்புறம் மூச்சு, மூச்சுக்கு அப்புறம் கைதட்டல், பழக்கிவைத்தவளே நான்தானே. நல்ல கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு விசில்கூட. இருபத்திரண்டு வருஷமாக நான் இங்கே வடிவு மேடம், வெறும் வடிவு மேடம், என் சான்றிதழில் இருக்கிற பெயரை இந்த அரங்கத்தில் யாரும் கேட்டதில்லை. பிரின்சிபால் தட்டிக்கொண்டே ஞானதுரை பக்கம் சாய்ந்தார். "யாருங்க அது? என்கிட்ட சொல்லவே இல்லீங்களே."

"கெஸ்ட் லெக்சரர்ல யாராவது இருக்கும் சார். மேடம் கரெக்டா வச்சிருப்பாங்க" என்றார் ஞானதுரை. விருந்தினரோடு கூட யாராவது வந்துவிட்டால் கொடுக்க என்று எப்போதும் கூடுதலாக வாங்கி வைப்பார்கள், அதிலிருந்து ஒரு சால்வையை உதறி விரித்துக்கொண்டு பிரின்சிபாலுக்குப் பக்கத்தில் நின்றார். பிரின்சிபாலும் எழுந்து, சட்டைக்கையைச் சரிசெய்து, படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தார். இணை இயக்குநர் எழுந்தார். மேடை முழுக்க எழுந்தது. எனக்காக. ஆவுடையப்பனைப் பார்த்தேன். பேரனை மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், அவன் மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான், அவர் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் தட்டவைத்துக்கொண்டிருந்தார். படியில் யாரும் ஏறி வரவில்லை. நான் படிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். இரண்டு எட்டு வைத்தால் போதும். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். போய் நின்று, நான்தான் என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிரின்சிபால் ஓ என்பார், மேடமா என்பார், சிரிப்பார், அப்புறம் எல்லாருக்கும் புரியும், தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டவள் என்று. கால் வரவில்லை. கைதட்டல் அடங்கத் தொடங்கியது, விரித்த சால்வை மின்விசிறிக் காற்றில் ஆடியது, அமைதி விழப்போகிறது, மேடையில் அமைதி விழ நான் விட்டதே இல்லை. மைக் தானாக வாய்க்கு வந்தது.

"தவிர்க்க இயலாத காரணத்தால் அவர்களால் வர இயலவில்லை" என்றேன். "அடுத்ததாக, நன்றியுரை."

நாட்டுப்பண் முடிந்து கூட்டம் பந்திக்கு ஓடியது. ஆவுடையப்பனைச் சுற்றிப் புகைப்படக்காரர்கள். நான் மைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஞானதுரை அந்தச் சால்வையை மடித்து ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். "மேடம், அந்த அம்மா வரலைல்ல, பிரின்சிபால் கையோட குடுத்துவிடச் சொன்னாரு. அவுங்க வீடு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப நீங்களே குடுத்திடுதீங்களா? நாங்க எல்லாரும் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்லிடுதேன் சார்" என்று பையை வாங்கிக்கொண்டேன்.